டேக் மாறினால் நிறமும் மாறுமா? அப்சிடியன் செயலி குறித்து ஒரு மதிப்பீடு

திருப்பூரில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆடை ஆர்டர்களின் வேலையைத் தொடர்ந்து கவனிப்பவராக இருப்பவருக்கு ஒவ்வொரு ஸ்டைலுக்கும் (ஆடை வடிவத்துக்கும்) தனிக் குறிப்பு தேவை. நிட்டிங் முடிந்ததா, லேப் டிப்புக்கு (சாய நிற மாதிரிக்கு) பையர் ஒப்புதல் தந்துவிட்டாரா, துணி சாயப்பட்டறையில் இருக்கிறதா துணி பின்னர் சுருங்காமலிருக்கச் செய்யும் காம்பேக்டிங்குக்குப் போய்விட்டதா என்ற நிலையை ஒரு டேக்காக (அடையாளச் சொல்லாக) எழுதிவிட்டால், குறிப்பைத் திறந்தவுடன் அதன் நிறமே நிலையைச் சொல்லிவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்போடுதான் குறிப்பெடுக்கும் செயலியான அப்சிடியனைப் பயன்படுத்தி வருகிறேன்.

குறிப்புகள் அனைத்தும் நம் கணினியிலேயே மார்க்டவுன் (எளிய உரை) கோப்புகளாக இருப்பதும், அலுவலகப் பயன்பாட்டுக்குக்கூடக் கட்டணம் இல்லாததும் இச்செயலியின் பெரிய பலம். தோற்றத்தை மாற்றவும் தாராளமாக இடம் தருகிறது. நிறம், எழுத்து போன்ற தோற்ற விதிகளைச் சொல்லும் சிறிய சிஎஸ்எஸ் கோப்பு ஒன்றை எழுதி ஸ்னிப்பெட்ஸ் கோப்புறையில் போட்டு, அமைப்புகளில் தோற்றம் என்ற பகுதியில் அதை இயக்கினால் போதும். ஆனால் அந்த வழியில் டேக்காக எழுதிய சொல்லுக்குத்தான் எளிதாக நிறம் கொடுக்க முடிகிறதே தவிர, அந்த டேக் இருக்கிறது என்பதற்காக முழுக் குறிப்பும் தானாக நிறம் மாறுவதில்லை. முழுக் குறிப்பையும் நம்பகமாக மாற்ற, அதன் தலைப்பகுதியில் சிஎஸ்எஸ்கிளாசஸ் என்ற பண்பைத் தனியாக எழுத வேண்டும். புதிய குறிப்பு தொடங்கும்போது டெம்ப்ளேட் வைத்து டேக்கையும் இந்தப் பண்பையும் சேர்த்தே இட்டுவிடலாம். எங்கள் தொழிலில் அது பாதித் தீர்வுதான். இன்று 'சாயம்' என்றிருக்கும் டேக்கை நாளை 'கட்டிங்' என்று மாற்றுகிறோம். பண்பையும் கூடவே மாற்றாவிட்டால் கட்டிங்குக்குப் போன சரக்கின் குறிப்பு இன்னும் சாயத்தின் நிறத்திலேயே நிற்கும். ஒரே செய்தியை இரண்டு இடத்தில் எழுதவைப்பது இவ்வளவு நல்ல செயலிக்குப் பொருந்தவில்லை.

இந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்வது சூப்பர்சார்ஜ்டு லிங்க்ஸ் என்ற இலவசச் செருகுநிரல். குறிப்புக்குள் இருக்கும் டேக்கை அது தானே படித்து, கோப்புப் பட்டியலிலும் இணைப்புகளிலும் அக்குறிப்பின் பெயருக்கு நாம் வகுத்த நிறத்தையோ அடையாளத்தையோ தருகிறது. டேக்கை மாற்றினால் நிறமும் மாறுகிறது. காலையில் பட்டியலை ஒருமுறை பார்த்தாலே எந்த ஸ்டைல் எங்கே தேங்கி நிற்கிறது என்று தெரிந்துவிடுவதால், குறிப்பின் உட்பக்க நிறத்தைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். குறிப்புகளுக்கிடையிலான இணைப்புகளை வரைபடமாகக் காட்டும் கிராஃப் காட்சியிலும் டேக் வாரியாகக் குழு அமைத்து நிறம் கொடுக்கலாம். அன்றாட வேலைக்கு அதன் பயன் குறைவு.

முழுப் பக்கமும் தானாக மாறியே ஆக வேண்டும் என்பவர்கள் லாக்சீக் என்ற இன்னொரு குறிப்புச் செயலியின், குறிப்புகளைக் கோப்புகளாகச் சேமிக்கும் பதிப்பைப் பார்க்கலாம். அங்கே பக்கத்தின் டேக் திரையில் தோன்றும் பக்கத்தின் அமைப்பிலேயே பதிவாவதால் ஒரு சிஎஸ்எஸ் விதி போதும். எல்லாவற்றையும் புள்ளியிட்ட வரிகளாகவே எழுத வேண்டியிருப்பதால், பையரின் நீண்ட மின்னஞ்சலை அப்படியே ஒட்டிவைக்கும் எனக்கு அது ஒத்துவரவில்லை.

அப்சிடியனைத் தேர்ந்தெடுப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வெறும் எண்ணை அது டேக்காக ஏற்காது என்பதால், ஆர்டர் எண்ணை டேக்காக்க விரும்பினால் அதனுடன் ஓர் எழுத்தாவது சேர்க்க வேண்டும். ஸ்னிப்பெட்ஸ் கோப்புறை, புள்ளியில் தொடங்கும் மறைவான கோப்புறைக்குள் இருப்பதால் கைப்பேசியில் அதைத் தேடிப் பிடிப்பது சிரமம். நிறங்களைக் கணினியிலேயே முடிவுசெய்து, பிறகு கைப்பேசிக்குக் கொண்டுசெல்வது நல்லது.