.280 ஆக்லிக்குப் பித்தளைக் கூடு: சுட்டு உப்ப வைப்பதா, தண்ணீரில் அடிப்பதா, வாங்கிவிடுவதா?

ஐம்பது .280 ரெமிங்டன் கூடுகளை (தோட்டாவில் மருந்தும் குண்டும் அடங்கும் பித்தளை உறைகள்) புதிதாக வாங்கி, எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்குப் பொறுமையாக வெட்டி, பிறகு .280 ஆக்லி இம்ப்ரூவ்டு ரைஃபிளில் சுட்டேன். சுட்ட கூடுகளைக் காலிப்பரில் அளந்தபோது ஒன்றுக்கொன்று நீளம் ஒத்துவரவில்லை. எல்லாமே நான் வெட்டியதைவிடக் குட்டை. குண்டைப் பிடிக்கும் கழுத்துக்குக் கீழே உள்ள சரிவான தோள் முன்னே உப்ப வேண்டுமென்றால் அதற்கான பித்தளை எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்; கழுத்திலிருந்து வந்திருந்தது. ஒரு சாயங்காலம் முழுக்க வெட்டிய வேலை வீண். முதலில் வடிவம், கடைசியில் நீளம் என்ற வரிசையை அன்றுதான் கற்றுக்கொண்டேன். கீழே சொல்லும் வழிகளை ஒப்பிடும்போதும் இந்த வரிசையை மனத்தில் வைத்துத்தான் ஒப்பிடுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். .280 ரெமிங்டன் 1957ல் வந்தது. அதன் உடலில் உள்ள சரிவைக் குறைத்து, 17.5 பாகைத் தோளை 40 பாகைக்கு நிமிர்த்தினால் ஆக்லி வடிவம் கிடைக்கும். பார்க்கர் ஓட்டோ ஆக்லி அமெரிக்காவில் குழல் செய்தவர், கொலராடோவில் துப்பாக்கிக் கம்மியம் கற்பித்தவர். ஏராளமான தோட்டாக்களை இப்படி மாற்றிப் பார்த்தார். 2007ல் நாஸ்லர் நிறுவனம் இதைத் தொழில்துறையின் பொதுத் தர அளவுக்குள் கொண்டுவரும்வரை .280 ஆக்லி ஒரு வைல்ட்கேட். அதாவது எந்தத் தொழிற்சாலையும் அதிகாரபூர்வமாகச் செய்யாத, அவரவர் பட்டறையில் பிறக்கிற தோட்டா.

எந்த வழியில் போனாலும் முதல் சூட்டில் கூடு ஆடக் கூடாது. பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் முகத்துக்கும் அறையின் (கூடு உட்காரும் குழலின் பின்பகுதி) தோளுக்கும் நடுவே அது இறுக்கமாக நிற்க வேண்டும். தளர்வாக இருந்தால் சுத்திமுனை (பிரைமர் எனும் தீமூட்டியைக் குத்தும் ஊசி) கூட்டை முன்னே தள்ளும். வெடிமருந்து எரியும்போது முன்பக்கச் சுவர் அறையோடு ஒட்டிக்கொள்ளும், அடிப்பகுதி மட்டும் பின்னால் போய் போல்ட்டில் முட்டும். இடைப்பட்ட சுவர் மெலிந்துவிடும். அடிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால், வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் அந்தக் கூட்டை நசுக்கி எறிந்துவிட வேண்டும். அடுத்த சூட்டில் அது இரண்டாக அறுந்துபோகலாம். முகத்துக்கு மிக அருகில் நடக்கிற காரியம் இது.

இதைத் தடுக்கத்தான் ஆக்லி அறைகளை மூலத் தோட்டாவின் கோ கேஜைவிட (அறையின் குறைந்தபட்ச ஆழத்தைச் சரிபார்க்கும் அளவுகோல்) 0.004 அங்குலம் குறைவாக வெட்டும் வழக்கம் வந்தது. மூலக் கூட்டின் கழுத்தும் தோளும் சேரும் இடம் அறையில் மெல்ல நசுங்கி நிற்கும். அப்படி வெட்டிய அறை என்றால் கடையில் வாங்கிய சாதாரண .280 ரெமிங்டன் தோட்டாவைச் சுட்டாலே போதும், ஆக்லி கூடு வெளியே வரும். என் பார்வையில் இருப்பதிலேயே நேர்மையான வழி இதுதான். குண்டு, மருந்து, பிரைமர் செலவாவது உண்மை, குழலும் தேயும். ஆனால் அந்தத் தோட்டாக்கள் வெறும் வடிவம் கொடுப்பதோடு நிற்பதில்லை. இலக்குப் பயிற்சிக்கு ஆகும், மான் வேட்டைக்கும் ஆகும். சூடு வீணாவதில்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய ஆக்லி ரீமரால் (அறையைக் குடையும் கருவி) வெட்டிய அறைக்கும் 2007க்குப் பின் வந்த தர அளவு அறைக்கும் ஹெட்ஸ்பேஸில் (போல்ட் முகத்திலிருந்து தோள்வரையான தூரத்தில்) 0.014 அங்குலம் வித்தியாசம் உண்டு, புதியதுதான் குட்டை. அதனால் நாஸ்லர் முத்திரையோடு வரும் புதுக் கூடு பழைய அறையில் ஆடும். குழலில் '.280 ஏ.ஐ.' என்று பொறித்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். கேஜ் வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் கம்மியரிடம் எந்த ரீமர் என்று கேளுங்கள்.

.280 கூடு கிடைக்காமல் .270 வின்செஸ்டர் கூட்டிலிருந்து தொடங்கினால் கதை மாறும். .270ன் தோள் .280ஐவிடச் சுமார் 0.050 அங்குலம் பின்னால் இருக்கிறது. அதை அப்படியே ஆக்லி அறையில் போட்டுச் சுடுவது ஆபத்து. அதற்குப் பொய்த்தோள், அதாவது கூட்டை அறையில் ஆடாமல் நிறுத்தும் தற்காலிகத் தோள், வேண்டும். கழுத்தை .30 அளவுக்கு விரித்துவிட்டு, ஆக்லி டையில் (கூட்டுக்கு வடிவம் தரும் அச்சு) கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ரைஃபிளில் போட்டு போல்ட்டை மூடிப் பாருங்கள். லேசான இறுக்கத்தோடு போல்ட் மூடும் இடத்தில் டையைப் பூட்டிவிடுங்கள். முழுக்க இறக்கிவிட்டால் பொய்த்தோளே அழிந்துவிடும், பட்ட பாடு வீண்.

விரிப்பதற்கு முன் கழுத்தைக் காய்ச்சிக்கொள்வது நல்லது. தோட்டாப் பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். அடிக்க அடிக்க இறுகும். நம் ஊரில் பாத்திரம் அடிக்கிற கன்னார்கள் நடுநடுவே உலையில் காய்ச்சுவது இதற்காகத்தான். கழுத்தும் தோளும் மட்டும் காய வேண்டும். அடிப்பகுதி இளகிவிட்டால் அந்தக் கூடு சுடத் தகுதியில்லாதது. கேஸ் டார்ச்சும் வெப்பம் காட்டும் பூச்சும் இருந்தால் போதும், விலை உயர்ந்த இண்டக்ஷன் இயந்திரம் தொடக்கத்தில் தேவையில்லை.

.30-06 கூட்டை இறக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும், ஆனால் நான் செய்ய மாட்டேன். அதன் நீளம் 2.494 அங்குலம்தான்; .270, .280 இரண்டும் 2.540. தோள் உப்பியபின் கழுத்து இன்னும் குறுகி, அறையின் வாயில் வெற்றிடம் விட்டுக் கரி வளையம் கட்டும்.

குண்டை நீளமாகப் பொருத்தி, அது குழலுக்குள் வெட்டிய சுழல் வரிகளில் முட்டிக் கூட்டைப் பின்னால் பிடிக்கும்படி செய்வது இன்னொரு வழி. வேலை செய்யும். ஆனால் அழுத்தம் கூடும், சுடாமல் தோட்டாவை வெளியே எடுத்தால் குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்ளலாம். பொய்த்தோள் செய்ய முடிகிற இடத்தில் இதற்கு அவசியம் இல்லை.

அப்புறம் ரவை முறை. வேகமாக எரியும் கைத்துப்பாக்கி மருந்து கொஞ்சம் போட்டு, மேலே கிரீம் ஆஃப் வீட் நிரப்பி (நம் வீட்டு ரவையேதான்), மெழுகாலோ காகிதத்தாலோ வாயை அடைத்துச் சுடுவது. குண்டு செலவில்லை, குழலில் உராய்வும் இல்லை. ஆனாலும் எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. மருந்தின் அளவை வாய்வழியாகவே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். தயாரிப்பாளர்கள் சோதித்து வெளியிடும் கையேட்டு அட்டவணைகளைப் போன்ற பிடிமானம் இதற்குக் கிடையாது. அதனால் இங்கே நானும் அளவு தரப்போவதில்லை. அத்தனை பாடுபட்டும் தோளின் மூலை பெரும்பாலும் மழுங்கியே வருகிறது.

தண்ணீர் முறை இதைவிட எவ்வளவோ மேல். பழைய பிரைமரை உள்ளேயே விட்டு, கூட்டில் தண்ணீர் நிரப்பி, ஹைட்ராலிக் டைக்குள் வைத்து, பிஸ்டனைச் சுத்தியலால் அடிக்க வேண்டும். தண்ணீர் சுருங்காது, அதனால் பித்தளை டையின் சுவரோடு போய் ஒட்டும். மருந்து, குண்டு, புதுப் பிரைமர் எதுவும் வேண்டாம். 2020க்குப் பிறகு அமெரிக்காவில் பிரைமர் தட்டுப்பாடு வந்தபோது இதன் அருமை பலருக்குப் புரிந்தது. மூலை முழுக் கூர்மையாக வராது, முதல் முழுச் சூட்டில்தான் அது நிமிரும். டைக்குத் தனிச் செலவு, ஒவ்வொரு கூட்டையும் வடித்துக் காயவைக்கும் வேலை, வாசல்வரை கேட்கும் சுத்தியல் சத்தம் எல்லாம் உண்டு. நூற்றுக்கணக்கில் கூடு வேண்டும், குழலையும் காப்பாற்ற வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

.280 ஆக்லிக்கு இன்று நாஸ்லரும் ஹார்னடியும் ஆயத்தக் கூடுகளே விற்கிறார்கள். தர அளவு அறை, மாதம் ஒருமுறை சுடும் பழக்கம் என்றால் வாங்கிவிடுங்கள், அதில் குறைவொன்றும் இல்லை. பழைய அறை வைத்திருப்பவருக்குத்தான் மேலே சொன்ன வழிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

சரி, வெட்டும் கருவிகளுக்கு வருவோம். பல ஒப்பீடுகள் விலையையும் வேகத்தையும் பேசுகின்றன. கருவி எந்த இடத்திலிருந்து அளக்கிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

லீ கருவியில் ஒரு ஊசி பிரைமர் துளை வழியாகப் போய்க் கூட்டின் அடியைத் தாங்கும் பிடியில் முட்டும், அளவு அடியிலிருந்து. மிக மலிவு, தவறு செய்வது கடினம். ஆனால் ஊசி தர நீளத்துக்கே வரும். .280 ரெமிங்டனின் உச்ச நீளம் 2.540, ஆக்லியின் உச்சம் 2.525. ரெமிங்டன் ஊசியை அப்படியே பயன்படுத்தினால் ஆக்லிக்குக் கூடு நீளமாகும், ஊசியை ராவிக் குறைக்க வேண்டும். வில்சன் கருவியும் அடியிலிருந்தே அளக்கிறது, மைக்ரோமீட்டர் திருகோடு வந்தால் ஆயிரத்தில் ஒரு அங்குலம்வரை நம்பலாம். கூட்டின் சரிவைப் பிடித்துத்தான் அது நிறுத்தும். ஆக்லியின் உடலுக்குச் சரிவு குறைவு என்பதால் மூலத் தோட்டாவின் பிடியில் உட்காராது, அதற்கேற்ற பிடி கேட்டு வாங்க வேண்டும். ஃபோர்ஸ்டர் விளிம்பைக் கவ்வுகிறது. விளிம்பின் தடிமன் மாறினால் நீளமும் சற்று மாறும், வேட்டைக்கு அது பொருட்டில்லை.

ஜிரோ போன்ற மோட்டார் கருவிகள் தோளிலிருந்து அளக்கின்றன. வெட்டுவது, உள்ளும் புறமும் வாயைச் சீர்செய்வது மூன்றையும் ஒரே அழுத்தில் முடித்துவிடும், வேகம் பிரமாதம். ஆனால் தோள் இன்னும் சரியாக உருவாகாத கூட்டை அதில் கொடுத்தால், தோளில் உள்ள கோளாறு அப்படியே நீளத்தில் ஏறிவிடும். ஒருமுறை முழு அழுத்தத்தில் சுட்டு, டையில் ஒரே அளவுக்கு இறக்கிய கூடுகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

அங்குலக் கணக்கில் குறைக்க வேண்டிய வேறு வைல்ட்கேட்டுகளுக்குப் பழைய டிரிம் டைதான் சரி. வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை ரம்பத்தால் அறுத்து, மீதியை அரத்தால் ராவுவார்கள். கடினப்படுத்திய டையின் மேல் அரம் வழுக்கும், அதற்குக் கீழே போகாது.

எவ்வளவு வெட்டுவது என்பதை உங்கள் அறைதான் சொல்ல வேண்டும். அறை நீளம் அளக்கும் சிறு உருளைகள் கிடைக்கின்றன; குட்டையாக வெட்டிய கூட்டில் செருகி போல்ட்டை மூடினால் உண்மையான நீளம் தெரியும். கூடு அதைத் தாண்டினால் வாய் குண்டை இறுக்கி, அழுத்தம் ஏறும். நான் 2.515ல் நிறுத்துகிறேன். நேர்ச் சுவரும் 40 பாகைத் தோளும் பித்தளை முன்னே ஓடுவதைக் குறைப்பதால், அதன்பின் வெகுநாள் வெட்ட வேண்டி வருவதில்லை.

பெட்டியின் மேல் என்ன எழுதுகிறீர்கள் என்பதும் முக்கியம். .270 கூட்டிலிருந்து செய்தால் அடியில் .270 என்ற முத்திரை அப்படியே இருக்கும். ரெமிங்டன் 1979ல் .280ஐ '7 எம்எம் எக்ஸ்பிரஸ்' என்று பெயர் மாற்றியதால், அந்த முத்திரையோடும் பழைய கூடுகள் சுற்றுகின்றன, அவை .280தான், 7 எம்எம் மேக்னம் அல்ல. என் பெட்டிகளில் தோட்டாவின் பெயர், மூலக் கூடு, எந்த ரைஃபிளின் அறை, எத்தனை முறை சுட்டது என்ற நான்கையும் அழியாத மையில் எழுதி வைக்கிறேன்.