பைக்கின் பெட்ரோல் டேங்க்கில் தண்ணீர் புகுந்தால்: வடிப்பதா, கழற்றிக் கழுவுவதா?

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, தெருவில் நின்ற பைக்குகள் பல வெள்ளத்தில் நனைந்தன. டேங்க்கில் தண்ணீர் இறங்கிவிட்டால் இரண்டு வழிகள் உண்டு.

பெட்ரோல் குழாயை உருவி வடிப்பது எளிது. கார்புரேட்டர் உள்ள பழைய வகை வண்டி என்றால் டேங்க்கின் அடியில் உள்ள பெட்ரோல் திருகை ரிசர்வுக்குத் திருப்பினால் போதும், பெரும்பாலும் தானாக ஒழுகும். கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்துப் பாருங்கள்: அடியில் தண்ணீர் தனிப் படலமாகப் பிரிந்து நிற்கும். எத்தனால் கலந்த பெட்ரோலில் அந்த அடிப்படலம் எத்தனாலையும் இழுத்துக்கொள்ளும். ஆனால் பெட்ரோல் வெளியேறும் வாய் டேங்க்கின் தரையைவிடச் சற்று மேலே இருப்பதால், கடைசிச் சொட்டுகள் உள்ளேயே தங்கும். துரு பிடிப்பது அங்கேதான்.

டேங்க்கைக் கழற்றினால் கவிழ்த்தே காலி செய்யலாம். துருவுக்கு வினிகர், பிறகு சமையல் சோடா கரைத்த நீர், முழுமையாகக் காய்ந்த பின்பே பெட்ரோல். ஒரு நாள் வேலை, சலிப்பும் உண்டு. பெட்ரோல் பம்ப் டேங்க்குக்குள்ளேயே இருக்கும் புதிய வண்டிகளை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

எந்த வழியானாலும் வாயால் உறிஞ்சாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து பூஜை விளக்கு வரை போகும். எஞ்சின் ஆறியபின், திறந்தவெளியில், பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது.

வெயிலில் மூடியைத் திறந்து பார்த்து, உள்ளே செம்மண் நிறம் தெரிந்தால் நான் கழற்றச் சொல்வேன். பளபளப்பாக இருந்தால் வடித்தாலே போதும்.