மறுசுழற்சித் தொட்டிக்குப் பூட்டு: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்

கலிபோர்னியாவில் இருக்கிறோம். குப்பை லாரி வரும் நாளுக்கு முந்தின இரவு தொட்டியைத் தெருவோரம் வைத்தால், விடிவதற்குள் யாரோ மூடியைத் திறந்து காலி குளிர்பானக் கேன்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். போனால் போகட்டும், ஆனால் மிச்சத்தைத் தெருவில் இறைத்துவிட்டுப் போவதுதான் எரிச்சல். அதனால்தான் ஆன்லைனில் இந்தப் பூட்டை வாங்கினேன்.

லாரியின் இயந்திரக் கை தொட்டியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்க்கும்போது உள்ளே இருக்கும் எடைக்கட்டி நகர்ந்து கொக்கி தானாகக் கழன்றுவிடும், சாவி தேவையில்லை. நான்கு வாரம் ஒழுங்காக வேலை செய்தது. ஐந்தாவது வாரம் ஒரு டிவி அட்டைப்பெட்டியைத் திணித்து மூடியிருந்தேன், அது மூடியை மேலே தள்ளி கொக்கியை இறுக்கிவிட்டது போல, லாரி கவிழ்த்தும் திறக்கவில்லை, அப்படியே இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டது. அடுத்த வாரம் வரை வீட்டில் அந்த நாற்றம். இன்னொன்று, திருகாணி போட்டு மாட்டும் மாடலை வாங்காதீர்கள். தொட்டி நம்முடையது இல்லை, குப்பை நிறுவனத்துடையது. துளை போட்டால் நம்மிடம்தான் காசு கேட்பார்கள். வார் வைத்துக் கட்டும் மாடலே போதும்.

பூட்டு வாங்கிய பிறகுதான் சட்டத்தைப் பார்த்தேன், இப்படித்தான் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்வேன். மறுசுழற்சிக்கென்று பிரித்துத் தெருவோரம் வைத்த பொருளை, ஊர் நிர்வாகம் அனுமதித்த நிறுவனத்தைத் தவிர வேறு யாரும் எடுக்கக் கூடாது என்று மாநிலச் சட்டமே இருக்கிறது. எடுத்தவர் மேல் அந்த நிறுவனம் வழக்குப் போட்டு, பொருளின் மதிப்பைப் போல மூன்று மடங்கு வரை நஷ்டஈடு வாங்கலாம். ஆக, திருட்டுப் போவது என் கேன் இல்லை, அவர்களுடைய வருமானம். அதைக் காக்கத்தான் என் கைக்காசைப் போட்டுப் பூட்டு வாங்கியிருக்கிறேன்!

ஆனால் அதே சட்டம், நம் பொருளை நாமே விற்கவோ யாருக்காவது கொடுக்கவோ தடையில்லை என்றும் சொல்கிறது. காலி கேனைத் திருப்பிக் கொடுத்தால் காசு உண்டு: 24 அவுன்ஸுக்கு (சுமார் 710 மில்லி) குறைவான கேனுக்கு 5 சென்ட், 24-ம் அதற்கு மேலும் என்றால் 10 சென்ட். 2024-லிருந்து ஒயின் பாட்டிலுக்கும் உண்டு. வாங்கும் மையத்தில் எடைபோட்டுத்தான் கொடுப்பார்கள், ஆனால் ஒவ்வொரு வகையிலும் 50 வரை எண்ணித் தரச் சொல்லிக் கேட்கலாம். ஊரில் பழைய பேப்பர்காரர் தராசோடு வாசலுக்கே வருவார், இங்கே காரில் ஏற்றிக்கொண்டு நாம்தான் போக வேண்டும்.

இப்போது கேன்களைத் தொட்டியில் போடுவதே இல்லை. தனிப் பையில் சேர்த்து வைத்து, சைக்கிளில் வரும் ஒரு பெரியவர் கையில் கொடுத்துவிடுகிறேன். தெருவில் குப்பை இறைவதும் நின்றுவிட்டது. பூட்டு கராஜில் சும்மா கிடக்கிறது, பொருளில் பெரிய குறை இல்லை என்பதால் மூன்று நட்சத்திரம். பக்கத்தில் இருப்பவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் பாதி விலைக்குத் தருகிறேன்.