இதமான தண்ணீருக்கு முன்ஜிப் 3/2 வெட்சூட்: என் மதிப்புரை

அலைச்சறுக்குக்கு (சர்ஃபிங்) இறங்கும்போது, கடல் நீர் 18 முதல் 21 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால்தான், எந்த வெட்சூட்டை (உடம்போடு ஒட்டி நிற்கும் ரப்பர் உடை) போடுவது என்ற குழப்பம் வரும். கடுங்குளிர் என்றால் யோசிக்காமல் தடிமனானதை எடுத்துக்கொள்ளலாம். 24 டிகிரிக்கு மேல் ஒரு ராஷ்கார்டும் (மெல்லிய நீச்சல் மேல்சட்டை) ஷார்ட்ஸும் போதும். இந்த நடுத்தரத் தண்ணீர் முதல் அரைமணி நேரம் சுகமாகத்தான் இருக்கும். அப்புறம் அலை வராமல் போர்டில் உட்கார்ந்திருப்போம், காற்று எழும்பும், ஈரத்தில் தோள்பட்டை விறைக்கத் தொடங்கிவிடும். இந்தத் தண்ணீரில் 2 மில்லிமீட்டர் ஷார்ட்டி (அரைக்கை, அரைக்கால் வெட்சூட்), முதுகில் ஜிப் உள்ள 3/2, மார்பில் ஜிப் உள்ள 3/2 என்று மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியாகச் சொன்னதிலேயே நிலைத்துவிட்டேன்.

3/2 என்றால் உடம்புப் பகுதியில் 3 மில்லிமீட்டர், கை கால்களில் 2 மில்லிமீட்டர் தடிமன். வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான். ஆனால் இந்த வெப்பநிலையில் தடிமனைவிட முக்கியமானது, வெட்சூட்டுக்குள் தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்பது. 1950களின் தொடக்கத்தில் ஹக் பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கண்டுகொண்டது இதுதான்: உடம்பு நனையாமல் இருக்க வேண்டியதில்லை, துணிக்குள் அடைபட்ட வாயுவே உடம்பின் வெப்பத்தைக் காக்கும். வெட்சூட் தைக்கும் நியோபிரீன் என்ற செயற்கை ரப்பரில் உள்ள நுண்ணிய குமிழ்கள் அந்த வேலையைச் செய்கின்றன. உள்ளே புகும் கொஞ்சம் தண்ணீர் அசையாமல் இருந்தால் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும். ஒவ்வொரு அலைக்கும் புதுத் தண்ணீர் புகுந்து வெளியேறினால் எத்தனை மில்லிமீட்டர் போட்டும் பயனில்லை.

முதுகு ஜிப் சூட்டில் என் குறை இங்கேதான். டக் டைவ் அடிக்கும்போது (வரும் அலைக்கு அடியில் போர்டோடு முங்கிப் போகும்போது) கழுத்து வழியாகவும் ஜிப்பின் பல் வழியாகவும் ஒரு கோடு குளிர்நீர் முதுகுத்தண்டில் இறங்கும். ஒன்றிரண்டு தடவை பொறுத்துக்கொள்ளலாம். வரிசையாக ஐந்தாறு நுரை அலைகளைத் தாண்டிப் போக வேண்டிய நாளில் அதுவே ஆளைக் களைப்பாக்கிவிடும். மார்பு ஜிப்பில் கழுத்துப் பட்டை தலைக்கு மேலாக வந்து முன்னால் மூடுகிறது, முதுகு முழுக்க ஒரே துணி. போர்டில் படுத்துத் துடுப்புப் போடுவது போல (பேடில்) கையை நீட்டும்போது முதுகும் தோளும் சேர்ந்து இழுபடுகின்றன, நடுவில் விறைப்பான ஜிப் குறுக்கே நிற்பதில்லை. இரண்டு மணி நேரம் கழித்தும் தோள் வலிக்காமல் இருப்பதுதான் எனக்கு இந்த சூட்டில் பிடித்த முதல் விஷயம்.

தையலையும் பார்த்துவிடுங்கள். வெளியிலும் உள்ளேயும் தட்டையாக, ஏணிப்படி போல நூல் தெரிந்தால் அது ஃபிளாட்லாக். தோலை உறுத்தாது, ஆனால் ஊசித் துளை வழியே நீர் கசியும். 20 டிகிரிக்கு மேல் அது பெரிய குறை இல்லை. என்னுடையது ஒட்டித் தைத்த வகை, ஊசி துணியைத் துளைத்து மறுபக்கம் போகாது. 18 டிகிரியில், அதுவும் காற்று வீசும் காலையில், வித்தியாசம் விலாப்பக்கத்தில் நன்றாகத் தெரிகிறது. மார்பில் துணி ஒட்டாத வழுவழுப்பான ரப்பர்ப் பரப்பு இருக்கிறது. ஈரம் அதில் தங்காது, அதனால் காற்றடித்தாலும் குளிர் ஏறாது. ஆனால் மென்மையானது. நகத்தால் பிடித்து இழுத்தால் பிறை வடிவில் கிழியும். விரல் நுனிச் சதையால்தான் பிடிக்க வேண்டும்.

அளவு சரிதானா என்று பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள். போடும்போது கணுக்காலில் இருந்து தொடங்கி, கெண்டைக்கால், தொடை என்று கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றி, கவட்டில் இடைவெளி இல்லாமல் பொருத்திய பிறகுதான் கையை நுழைக்க வேண்டும். தோள் பிடிக்கிறது என்று பெரிய அளவுக்குப் போகிற பலருக்குக் கால் பகுதி சரியாக ஏறியிருக்காது, அவ்வளவுதான். போட்ட பிறகு இரண்டு கையையும் உயர்த்திப் பாருங்கள், குத்தவைத்து உட்காருங்கள். இடுப்புக்கு மேலே முதுகுக் குழியில் துணி பை மாதிரி தொங்கினால் அங்கே தண்ணீர் தேங்கும், வேண்டாம். அக்குளில் மடிப்பு விழக்கூடாது. மணிக்கட்டும் கணுக்காலும் கச்சிதமாகப் பிடிக்க வேண்டும். உலர்ந்திருக்கும்போது சற்று இறுக்கமாகத் தெரிவது நல்லதே, நனைந்தால் நெகிழும். மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை என்றால் மட்டும் அடுத்த அளவைக் கேளுங்கள்.

குறைகள்? கழற்றுவது பெரும்பாடு. களைத்த கையோடு அந்தக் குறுகிய வாயிலிருந்து தோளை வெளியே எடுப்பதற்குள் பொறுமை போய்விடும், சில நாள் இன்னொருவர் உதவி வேண்டியிருக்கிறது. தோள் காயம் உள்ளவர்களுக்கும், புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கும் முதுகு ஜிப்பையே சொல்வேன். கழுத்துப் பட்டையின் ஓரம் பின்கழுத்தை உரசிச் சிவக்க வைக்கிறது, உள்ளே மெல்லிய ராஷ்கார்டு போட்டால் தொல்லை இல்லை. உலரவும் நேரமாகிறது.

ஷார்ட்டியை நான் ஒதுக்கிவிடவில்லை. 22, 23 டிகிரியில், வெயிலும் இருந்தால், கை கால் திறந்திருப்பதே சுகம். காற்று இருந்தால் அதே தண்ணீருக்கு முழுக்கையும் அரைக்காலும் உள்ள 2 மில்லிமீட்டர் ஸ்பிரிங்சூட் நல்லது. ஆக, தண்ணீரின் டிகிரியோடு காற்றின் வேகத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடலில் போட்டுக் கழற்றியதை நன்னீரில் அலசி, உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, இடுப்பில் மடித்து நிழலில் போடுங்கள். நனைந்த கனத்தோடு தோளில் மாட்டித் தொங்கவிட்டால் தோள் பகுதி நீண்டு தளர்ந்துவிடும், கூடுதல் காசு கொடுத்து வாங்கியதே அந்தத் தோளுக்காகத்தான்.