சுங்கை சிப்புட்டில் ஒரு வாக்காளர் வகுப்பு: பாடத்துக்குப் போகலாம், பரீட்சைக்கு வேண்டாம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் நகரின் கோயில் மண்டபம் ஒன்றில் நடைபெற்ற வாக்காளர் வகுப்புக்கு என் மகளை அழைத்துச் சென்றேன். தலைக்கு 10 வெள்ளி (ரிங்கிட்) கட்டணம். காலை 9 மணி தொடங்கி மதியம் 1 மணி வரை. இடையில் மீ கோரெங்கும் தே ஓவும் கொடுத்தார்கள். வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைத்து, பதிவையும் தானியங்கியாக்கிய அரசமைப்புத் திருத்தம் 2019-இல் நிறைவேறி, 2021 டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதால், என் மகளின் பெயர் அவள் கேளாமலேயே வாக்காளர் பட்டியலில் ஏறியிருந்தது. வாக்குச்சாவடிக்குள் என்ன செய்வது என்பதைத்தான் பள்ளியிலும் வீட்டிலும் யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அந்தக் குறையை வகுப்பின் முதல் பகுதி நன்றாகவே தீர்த்துவைத்தது. மண்டபத்தின் ஓரத்தில் மூன்று மேசைகளை வரிசையாகப் போட்டு, முதல் மேசையில் ஒருவர் பெயரை உரக்கப் படிக்க, இரண்டாம் மேசையில் இடது ஆள்காட்டி விரலில் மை தடவ, மூன்றாம் மேசையில் வாக்குச்சீட்டைக் கொடுக்க, எங்கள் எல்லோரையும் ஒரு முறை நடக்கவைத்தார்கள். 2022 நவம்பர் 19 அன்று பேராக்கில் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரே நாளில் வாக்களித்ததை நினைவூட்டி, இரண்டு சீட்டுகள், இரண்டு பெட்டிகள் என்று அதையும் பழக்கினார்கள். தன் சீட்டின் மூலையில் அழகாகப் பெயரையும் எழுதிவைத்த ஓர் இளைஞரிடம், வாக்காளர் யார் என்று காட்டிக்கொடுக்கும் சீட்டு செல்லாது என்று பயிற்றுநர் பொறுமையாக விளக்கினார். பேச்சாகச் சொல்லியிருந்தால் பாதிப் பேருக்கு மறந்திருக்கும்.

அடுத்த பகுதி ஆட்சி அமைப்பைப் பற்றியது. நாட்டில் 222 நாடாளுமன்றத் தொகுதிகள், பேராக்கில் 59 சட்டமன்றத் தொகுதிகள், நமது நாடாளுமன்றத் தொகுதிக்குள் லிந்தாங், ஜாலோங் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் என எண்கள் வரிசையாக வந்தன. சாக்கடை அடைப்பைக் கவனிக்கவேண்டியது கோலகங்சார் நகராண்மைக் கழகம் என்றும், அதன் உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை என்றும், ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்திவைக்கப்பட்டு 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அடியோடு முடிந்துபோயின என்றும் பயிற்றுநர் சொன்னபோதுதான் மண்டபம் விழித்துக்கொண்டது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியே வயதாகிப்போன ஒரு பாட்டி, தன் பேத்தியோடு வந்திருந்தவர், எழுந்து கேட்டார்: "அப்ப லோங்காங் அடைச்சா, நாம ஓட்டுப் போட்டவங்கள ஏசி என்னா பிரயோசனம், தம்பி?" அந்தக் காலைப்பொழுதின் மிகச் சிறந்த கேள்வி அதுதான். பயிற்றுநரும் அதற்கு மழுப்பாமல் பதில் சொன்னார்.

கடைசி அரைமணி நேரத்தில்தான் எனக்கு மனக்கசப்பு ஏற்பட்டது. 20 கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைக் கொடுத்து, 12 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி என்று சொல்லி, வருங்காலத்தில் இப்படிப்பட்ட தேர்வில் தேறியவர்களுக்கு மட்டுமே வாக்குரிமை கொடுக்கவேண்டும் என்பதே தங்கள் நோக்கம் என்று அறிவித்தார்கள். தமிழில் பாடம் நடத்திவிட்டுத் தாளை மலாயில் மட்டும், அதுவும் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். நாடாளுமன்ற மேலவையில் 70 பேர், அவர்களில் 44 பேர் நியமன உறுப்பினர்கள் என்று ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் கேட்டிருந்தும், நான் அதைத் தவறாக எழுதினேன். எனக்கு 13, மகளுக்கு 18. பேத்தி வாய்விட்டுப் படிக்கக் கேட்டுப் பதில் சொன்ன பாட்டிக்கு 15. அவரிடம் இருப்பதோ சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரவாசியான அவரால் வாக்களிக்கவே முடியாது. குடியுரிமைக்கு மனுச் செய்பவருக்கு மலாய்மொழி அறிவு வேண்டும் என்று அரசமைப்புச் சட்டமே விதித்திருக்கிறது. தேர்வு என்ற பெயரில் வாசலை அடைத்தால் யார் வெளியே நிற்பார்கள் என்பது தோட்டத்து மக்களுக்குப் புதிய செய்தியன்று.

அரிசி மூட்டைக்கு விலைபோகும் ஓட்டைத் தடுக்க வேறு வழியில்லை என்பது பயிற்றுநரின் வாதம். அந்தக் கவலை பொய்யன்று. ஆயினும், மூட்டையை இறக்கிக் கொடுப்பவர்கள் இந்தத் தாளில் இருபதுக்கு இருபது வாங்கக்கூடியவர்கள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1964-இல் கொடுத்த வாக்காளர் தேர்வில் 10 நிமிடத்தில் 30 கேள்விகள். ஒன்று தவறினாலும் தோல்வி. கறுப்பின மக்களைப் பட்டியலில் ஏறவிடாமல் தடுக்க அத்தகைய தேர்வுகள் பயன்பட்டதால்தான் 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் அவற்றின் மேல் கைவைத்தது. கேள்வியைத் தயாரிப்பவரும் திருத்துபவரும் யார் என்று நான் கேட்டபோது, அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள். பேசவில்லை.

கருத்துப் படிவத்தில், தாளைத் தமிழிலும் அச்சிடுங்கள், தேர்ச்சி மதிப்பெண்ணை எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். முதல் முறை வாக்களிக்கப் போகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அந்த மூன்று மேசைகளுக்காகவே 10 வெள்ளி கொடுக்கலாம். மூக்குக்கண்ணாடியை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். மண்டபத்தின் பின்வரிசையில் ஒலிபெருக்கி சரியாகக் கேட்பதில்லை.