களிம்பு ஒட்டியும் விற்பார், உரித்தும் தருவார்

சௌகார்பேட்டைப் பக்கம் ஒரு மாடி அறையில் பழைய காசு, மோதிரம், தாயத்து விற்கும் ஒருவரிடம் ஒரே வாரத்தில் இரண்டு விதமாக ஏமாந்தேன். பெயர் போடவில்லை. ரசீதே தராத ஆளைப் பெயர் சொல்லி எழுதினால் மாட்டப்போவது நான்தான். ஆனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இந்த வேலையைச் செய்கிறவர் அவர் ஒருவர் மட்டும் இருக்க மாட்டார்.

முதலில் மீன் பொறித்த செம்பு மோதிரம். "கரூர் அமராவதி மணல்ல எடுத்தது சார், ஆயிரத்து எண்ணூறு வருஷம்" என்றார். கரூர் ஆற்றுப்படுகையில் முத்திரை மோதிரங்களும் ரோமானியக் காசுகளும் கிடைத்திருப்பது உண்மைதான். அந்த உண்மையை முதலாக வைத்துத்தான் இவர்கள் கடை விரிக்கிறார்கள். சேரர் ஊரில் பாண்டியர் மீன் எப்படி வந்தது என்று அப்போதே உறைத்திருக்கலாம். வரவே கூடாது என்றில்லை, ஆனாலும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 6,500 ரூபாயை எடுத்து வைத்தேன்.

அந்த நல்லெண்ணத்திலேயே தாத்தாவின் வெண்கல மோதிரத்தையும் அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். 1985-இல் எரிந்துபோன பழைய மூர் மார்க்கெட்டில் தாத்தா வாங்கியது அது. அதில் ஓரிடத்தில் வெளிறிய பச்சையாக மாவு போலப் பூத்திருந்தது. "லேசா துடைச்சு வைக்கிறேன் சார், நாளைக்கு வாங்கிக்குங்க" என்றார்.

இரவு வீட்டில் பத்து மடங்கு லென்ஸை வைத்து புது மோதிரத்தைப் பார்த்தேன். செம்பு, வெண்கலத்தின் மேல் படியும் பச்சைப் படலம்தான் களிம்பு. காலம் ஏற்றிய களிம்பு அடுக்கடுக்காக இருக்கும். உலோகத்தை ஒட்டிச் செம்பழுப்பு, அதன் மேல் பச்சை, சில சமயம் நீலம். நகத்தால் கீறினாலும் எழும்பாது. விரல் பட்டுத் தேய்ந்த மேடுகளில் மெலிந்தும், செதுக்கின பள்ளங்களில் தங்கியும் இருக்கும். இதிலோ மேடு, பள்ளம், உள்வளையம் எல்லாம் ஒரே கனத்தில், சுவருக்கு டிஸ்டெம்பர் அடித்த மாதிரி. செம்பழுப்பு எங்குமே இல்லை. பச்சைக்கு அடியில் அரம் போட்ட கோடுகள் கூர் மழுங்காமல் தெரிந்தன. மனைவியின் நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு ஒரு ஓரத்தில் தேய்த்தேன். பச்சை முழுக்கப் பஞ்சுக்கு வந்துவிட்டது. அடியில் மஞ்சளாக மின்னுகிற பித்தளை.

பசையில் குழைத்துப் பூசினதுதான் இப்படிக் கரையும். உப்பும் நவச்சாரமும் போட்டு வரவழைத்த பச்சை ரிமூவருக்கு அசையாது. அதற்குச் செம்பழுப்பு அடுக்கு உண்டா, பல்குத்தும் குச்சியால் தொட்டால் பொடியாக உதிர்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

மறுநாள் கடை திறக்குமுன்பே போய் நின்றேன், புது மோதிரத்தைவிடத் தாத்தா மோதிரத்தை நினைத்துத்தான். தாமதமாகிவிட்டது. திராவகத்தில் முக்கி, பிரஷ் போட்டு, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி வைத்திருந்தார். "எவ்ளோ அழுக்கு சார்! பளபளன்னு ஆக்கிட்டேன், 400 ரூபா." ரோஜா நிறத்தில், அம்மைத் தழும்பு மாதிரிக் குழி குழியாக ஏதோ ஒன்று என் கையில் இருந்தது. பழைய வெண்கலத்தில் செதுக்கு வேலையின் நுணுக்கம் பல நேரம் அந்தக் களிம்புக்குள்தான் பிழைத்திருக்கும். அதைக் கரைத்தால் வேலையும் கரையும். செம்பில் களிம்பு போல என்று சைவ சித்தாந்தம் ஆணவத்துக்கு உவமை சொல்லும், அங்கே களிம்பு நீங்கினால் விடுதலை. இங்கே கணக்கு தலைகீழ்.

அந்த வெளிறிய மாவு மட்டும் நிஜமாகவே நோய்தான். உலோகத்துக்குள் தங்கிய குளோரைடு உப்பு, ஈரக்காற்றுப் பட்டால் அரித்துக்கொண்டே போகும். கடற்கரை ஊரான சென்னையில் கேட்கவே வேண்டாம். மாவை மரக்குச்சியால் மெல்லத் தட்டிவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் போட்டிருந்தாலே அரிப்பு அடங்கியிருக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் உலோகப் பொருள்களைக் காப்பதற்கென்றே வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அங்கே போய் யோசனை கேட்காமல் மாடி அறைக்கு ஏறியது என் புத்தி.

பித்தளையைக் காட்டியதும், "எந்தக் காலத்துப் பழசுன்னு எழுதிக் கொடுத்தேனா சார்?" என்றார். சரி என்று வேறு பக்கமாகப் போனேன். "ஆத்து மணல்ல எடுத்ததுன்னு நீங்கதானே சொன்னீங்க? 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணுல கிடைச்சதோட மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனாலே கலெக்டருக்குத் தெரிவிக்கணும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை விற்கணும்னா 1972 சட்டப்படி லைசென்ஸ் வேணும். உங்ககிட்ட இருக்கா?"

மனுஷர் முகம் மாறியது. "ஐயோ, அது பட்டறை வேலை சார், புதுசுதான்" என்று சட்டென்று ஒப்புக்கொண்டார். ஆயிரத்து எண்ணூறு வருஷம் ஒரே மூச்சில் கழன்று போனது. அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு 3,600 ரூபாய் எண்ணி வைத்தார். என்ன கணக்கு என்று கேட்டேன். திருப்பித் தருவது 4,000-ஆம், அதில் கிளீனிங் காசைக் கழித்துக்கொண்டாராம்.