பழைய எம்5, புது எம்5, குறுக்கால ஒரு கேடிலாக்

இப்போ வர்ற ஸ்போர்ட்ஸ் செடான்ல மஜாவே இல்லன்னு புலம்புறவங்க முக்கால்வாசி பேர் கை காட்டுறது 1998ல வந்த பிஎம்டபிள்யூ எம்5, அதான் ஈ39 (ஒவ்வொரு தலைமுறைக்கும் பிஎம்டபிள்யூ வெக்கிற கோடு பேர்). சரி, அதையும் இப்போ விக்கிற எம்5 ஜி90யையும் பக்கத்துல பக்கத்துல வெச்சே பாத்துருவோம்.

ஈ39ல டர்போ இல்லாத 4.9 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்), 400 பிஎஸ் (குதிரைத் திறன்), 6 ஸ்பீடு மேனுவல் மட்டும்தான், ஆட்டோமேட்டிக்கே கிடையாது. ஜி90ல 4.4 ட்வின் டர்போ வி8 கூட எலக்ட்ரிக் மோட்டாரும் சேந்து 727 பிஎஸ். பவர்ல கிட்டவே வர முடியாது, ஆனா எடையப் பாருங்க, பழசு சுமார் 1.8 டன், புதுசு 2.4 டன்னத் தாண்டுது, ஐரோப்பாவோட கார்பன் விதிக்காக ஏத்துன பேட்டரி அப்படி. இதுக்கு முந்தின தலைமுறை எம்5, எஃப்90 காம்பெடிஷன், மணிக்கு 100 கிமீ வேகத்த 3.3 செகண்ட்ல தொட்டுச்சு, 100 பிஎஸ் கூட வெச்சிருக்க இது 3.5 எடுக்குது, என்னத்த சொல்ல!

அதுக்காக ஈ39க்கு கோயில் கட்டிராதீங்க. வி8 உள்ள உக்கார இடம் பத்தாம கைக்கு துல்லியமா இருக்க ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங்க விட்டுட்டு ரீசர்குலேட்டிங் பால்ங்கிற பழைய வகை ஸ்டீயரிங் போட்டாங்க, நடுவுல கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கும். ஆனா ஸ்டார்ட் பண்ணதும் ஆர்பிஎம் மீட்டர் ஓரத்துல ஆரஞ்சு லைட்டுங்க எரியும், ஆயில் சூடாக சூடாக ஒண்ணொண்ணா அணையும், அது வரைக்கும் மிதிக்காம பொறுமையா ஓட்டணும், அந்த மாதிரி கார் கூட பழகுற வேலை இருந்துச்சு பாருங்க, அதான் இப்போ இல்ல. புதுசுல ஸ்கிரீன்ல மோடு மாத்துறதுதான் வேலை.

இன்னொரு ஸ்போர்ட்ஸ் செடான் மெர்சிடிஸ் சி63 இன்னும் மோசம், வி8ஐ தூக்கிட்டு 2 லிட்டர் நாலு சிலிண்டர் ஹைப்ரிட். 680 பிஎஸ் இருந்தும் ரசிகருங்க சீண்டல.

இந்தக் காலத்துல பழைய மாதிரி மஜாவான கார் செய்யவே முடியாதான்னா, அமெரிக்க கம்பெனி கேடிலாக்கோட சிடி5-வி பிளாக்விங் இருக்கே. 6.2 சூப்பர்சார்ஜ்டு வி8, 668 ஹெச்பி, பின் வீல் டிரைவ், 6 ஸ்பீடு மேனுவல், எடையும் 1.9 டன்னுக்குள்ள. ரெண்டு எம்5, இது, இந்த மூணுல என் ஓட்டு இதுக்குத்தான்.

ஆனா அது இந்தியால விக்கல, லெஃப்ட் ஹேண்ட் டிரைவ் வேற. ஜி90 இங்க 2024ல 1.99 கோடி எக்ஸ்-ஷோரூமுக்கு வந்துச்சு. அவ்வளவு கொட்டுறதுக்கு நல்லா வெச்சிருந்த செகண்ட் ஹேண்ட் எஃப்90 தேடலாம், கிட்டத்தட்ட அரை டன் கம்மி, சார்ஜர் வயரும் தேவையில்ல.